வீடும் மின்சாரமும் வேண்டும், விளைநிலமும் வேண்டும்

இந்தியாவின் மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 32.87 கோடி ஹெக்டேர். உலக நிலப்பரப்பில் இது சுமார் 2.4 சதவீதமே. ஆயினும் உலக மக்களில் ஆறில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இந்நிலத்தை நம்பி வாழ்கின்றனர். 1951ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்போது 36 கோடியாக இருந்த மக்கள்தொகை, 2011ஆம் ஆண்டில் 121 கோடியாக உயர்ந்தது. மக்கள் பெருகினர், நிலம் பெருகவில்லை.

உணவு, உறையுள், எரிசக்தி ஆகிய மூன்றும் இன்று ஒரே நிலத்தை நாடி நிற்கின்றன. வீடற்ற குடும்பத்துக்கு வீடு தருவது அரசின் கடமை. நிலக்கரியைச் சார்ந்திருக்கும் நிலையைக் குறைத்துச் சூரியன், காற்று ஆகியவற்றிலிருந்து மின்சாரம் பெறுவது காலத்தின் தேவை. இவ்விரண்டையும் நிறைவேற்றும்போது உணவு தரும் நிலம் குறைந்துவிடாமல் காப்பது எவ்வாறு என்பதே திட்டமிடுவோர் விடை காண வேண்டிய வினா.

கணக்கு காட்டுவதும் மறைப்பதும்

நாட்டின் நிகர சாகுபடிப் பரப்பு 1950-51இல் சுமார் 11.87 கோடி ஹெக்டேராக இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது 14 கோடி ஹெக்டேரை எட்டியது. அதன் பின்னர் அரை நூற்றாண்டாக ஏறக்குறைய அதே அளவில் நின்றுவிட்டது. இதே காலத்தில் வேளாண்மை அல்லாத பயன்களுக்கு உட்பட்ட நிலம் 93.6 இலட்சம் ஹெக்டேரிலிருந்து சுமார் 2.7 கோடி ஹெக்டேராகப் பெருகியது. வீடுகள், சாலைகள், இருப்புப்பாதைகள், தொழிற்சாலைகள் ஆகியவற்றுடன் கால்வாய்களும் நீர்த்தேக்கங்களும் இக்கணக்கில் அடங்கும்.

சாகுபடிப் பரப்பு குறையவில்லை என்பதால் விளைநிலத்துக்கு இழப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. ஒருபுறம் நகரத்தை ஒட்டிய வளமான வயல்கள் சாகுபடியிலிருந்து வெளியேறுகின்றன. மறுபுறம் மேய்ச்சல் தரையும் மேட்டு நிலமும் உழவுக்கு வருகின்றன. பரப்பளவில் இவ்விரண்டும் ஈடாகலாம், விளைதிறனில் ஈடாவதில்லை. பாசனமும் ஆழ்ந்த மண்ணும் உள்ள ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று போகம் விளையும். அதற்குப் பதிலாக உழவுக்கு வந்த மேட்டு நிலம் மழையை எதிர்பார்த்து ஒரு போகம் தருவதே அரிது. புள்ளிவிவர அட்டவணையில் இரண்டும் ஒரு ஹெக்டேராகவே பதிவாகின்றன.

இழக்கப்படும் நிலம் பெரும்பாலும் நல்ல நிலமாக இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. நீரும் வளமான மண்ணும் இருந்த இடங்களிலேயே மக்கள் குடியேறினர்; அங்கேயே ஊர்கள் நகரங்களாயின. ஆகையால் நகரம் எத்திசையில் விரிந்தாலும் அது முதலில் தொடுவது பாசன நிலத்தையே. மேலும் கட்டடம் கட்டுவதற்கு எளிதான சமதளமும், சாலையும், மின்கம்பியும் உள்ள இடமும் அதுவே.

உழவர்களின் நிலையும் இதனோடு பிணைந்தது. 1970-71இல் ஓர் உழவர் கைவசம் இருந்த நிலத்தின் சராசரி 2.28 ஹெக்டேர். 2015-16ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பில் அது 1.08 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. இவ்வளவு சிறிய நிலத்தின் வருவாயைக் கொண்டு குடும்பம் நடத்த இயலாதவர், மனைக்கு நல்ல விலை வரும்போது விற்கவே முற்படுவார். அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. சாகுபடியைத் தொடர்வதால் அவர் இழக்கும் தொகைக்குச் சமூகம் ஈடு செய்கிறதா என்பதைக் கேட்பதே முறை.

வீடு கொள்ளும் நிலமும் மனை கொள்ளும் நிலமும்

அனைவருக்கும் வீடு என்னும் குறிக்கோளுடன் பிரதமரின் வீட்டுவசதித் திட்டம் நகர்ப்புறங்களில் 2015ஆம் ஆண்டிலும் ஊர்ப்புறங்களில் 2016ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டது. ஊர்ப்புறத்துக்கு முதலில் 2.95 கோடி வீடுகள் இலக்காயின. 2024ஆம் ஆண்டில் மேலும் 2 கோடி வீடுகளுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. இத்திட்டத்தில் ஒரு வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு, சமையலிடம் உட்பட 25 சதுர மீட்டர். 2.95 கோடி வீடுகளையும் இந்த அளவில் கட்டினால் அவற்றின் தளப்பரப்பு ஏறத்தாழ 74,000 ஹெக்டேர்தான் ஆகும். நிகர சாகுபடிப் பரப்போடு ஒப்பிட்டால் இது ஆயிரத்தில் ஒரு பங்கும் இல்லை. அதிலும் பெரும் பகுதி, பழைய குடிசை இருந்த இடத்திலேயே எழுப்பப்படுவதாகும்.

எனவே ஏழையின் வீடு விளைநிலத்தை விழுங்கிவிடுகிறது என்பது பொருந்தாத அச்சம். நிலத்தை விழுங்குவது, தேவைக்கு முன்னதாகவே பிரிக்கப்பட்டு, கல் நடப்பட்டு, ஆண்டுக்கணக்கில் வெற்றிடமாகக் கிடக்கும் மனைப்பிரிவு. வாங்குவோரில் பலர் வீடு கட்டுவதற்காக வாங்குவதில்லை; விலை ஏறும் என்பதற்காகவே வாங்குகின்றனர். கட்டி முடித்த வீடுகளிலும் இதே நிலையைக் காணலாம். 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் சுமார் 2.47 கோடிக் கட்டடங்கள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன.

வயல்வெளியின் நடுவே ஒரு மனைப்பிரிவு தோன்றினால் அதன் விளைவு அந்த எல்லையோடு நிற்பதில்லை. மண்ணைக் கொட்டித் தரை உயர்த்தப்படும்போது வாய்க்கால் அடைபடுகிறது. கடைமடைக்கு நீர் செல்வதில்லை. வடிகால் மறிக்கப்படுவதால் மேல்மடையில் நீர் தேங்குகிறது. அறுவடை இயந்திரம் செல்லும் வழி மறைகிறது. அண்டை நிலத்தார் ஓரிரு பருவங்கள் முயன்றுவிட்டுச் சாகுபடியைக் கைவிடுகின்றனர். சில ஆண்டுகளுக்குப் பின் அந்நிலமும் ஏடுகளில் தரிசாகப் பதிவாகி, நிலப்பயன் மாற்றத்துக்கு உரியதாகிவிடுகிறது. பத்து ஏக்கர் மனைப்பிரிவு நூறு ஏக்கர் ஆயக்கட்டைக் கெடுக்கக்கூடும் என்பதை அனுமதி வழங்குவோர் கருதிப் பார்ப்பது அவசியம்.

இவ்வகை விரிவு பெருநகரங்களின் ஓரத்தில் மட்டும் நிகழ்வதன்று. நகரத் தன்மை பெற்றும் சட்டப்படி ஊராட்சிகளாகவே நீடிக்கும் கணக்கெடுப்பு நகரங்கள் 2001இல் 1,362ஆக இருந்தன. 2011இல் அவை சுமார் 3,900 ஆயின. நாட்டின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் ஏறத்தாழ 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டம் எதுவும் இல்லை என நிதி ஆயோக் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறியது. திட்டம் இல்லாத இடத்தில் நிலத்தின் பயனை முடிவு செய்வது சந்தை ஒன்றே.

சூரிய மின்சாரத்தின் நிலத்தேவை

2010ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியச் சூரிய சக்தி இயக்கம் 2022ஆம் ஆண்டுக்குள் 20,000 மெகாவாட் திறனை இலக்காகக் கொண்டது. 2015இல் இவ்விலக்கு ஒரு இலட்சம் மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது. இந்தியாவின் சூரிய மின்திறன் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் அந்த ஒரு இலட்சத்தைக் கடந்தது. 2030ஆம் ஆண்டுக்குள் புதைபடிவ எரிபொருள் சாராத மின்திறனை 5 இலட்சம் மெகாவாட்டாக உயர்த்துவதென்று 2021ஆம் ஆண்டின் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா அறிவித்தது.

தரையில் அமைக்கப்படும் சூரிய மின்நிலையத்துக்கு ஒரு மெகாவாட்டுக்கு நான்கு முதல் ஐந்து ஏக்கர், அதாவது ஏறக்குறைய 2 ஹெக்டேர் நிலம் தேவைப்படுகிறது. ஒரு வரிசையின் நிழல் மற்றொன்றின் மீது விழாதிருக்க இடைவெளி விட வேண்டியிருப்பதே இதற்கு முதன்மைக் காரணம். காற்றாலையின் நிலை வேறு. அதன் அடித்தளமும் அணுகுசாலையும் கொள்ளும் இடம் சிறிது. எஞ்சிய இடத்தில் உழவு தொடரலாம். ஆகவே விளைநிலத்தோடு போட்டியிடுவது பெரும்பாலும் சூரிய மின்சாரமே.

மூன்று இலட்சம் மெகாவாட் சூரிய மின்திறனை முழுவதும் தரையிலேயே அமைத்தாலும் 6 இலட்சம் ஹெக்டேர் போதும். இது நிகர சாகுபடிப் பரப்பில் அரை சதவீதத்துக்கும் குறைவு. நாடு தழுவிய கணக்கில் இது பெரும் சுமை அன்று. ஆனால் மின்நிலையங்கள் நாடெங்கும் சமமாகப் பரவுவதில்லை. வெயில் மிகுந்த, சமதளமான, மின்தொடர்ப்பாதைக்கு அருகிலுள்ள சில வட்டங்களிலேயே அவை திரள்கின்றன. நாட்டுக்குச் சிறு விழுக்காடாகத் தோன்றுவது, ஓர் ஊருக்கு அதன் முழு நிலமாகவே இருந்துவிடலாம்.

கர்நாடக மாநிலம் துமகூரு மாவட்டத்துப் பாவகடா வட்டம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அடிக்கடி வறட்சிக்குள்ளாகும் அவ்வட்டத்தில் ஐந்து ஊர்களைச் சார்ந்த சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா அமைக்கப்பட்டது. நிலம் கையகப்படுத்தப்படவில்லை, உழவர்களிடமிருந்து நீண்டகாலக் குத்தகைக்குப் பெறப்பட்டது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் குத்தகை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. நிலக்கடலை பொய்த்துக் கடன்பட்டிருந்தவர்களுக்கு இது உறுதியான வருவாய். நிலத்தின் உரிமையும் அவர்களிடமே தங்கியது.

இம்முறையில் பயன் பெற்றவர் நிலம் உடையவர். அந்நிலத்தில் களையெடுத்தும் கடலை பறித்தும் கூலி பெற்று வந்தவருக்கும், அறுவடைக்குப் பின் ஆடு மேய்த்து வந்தவருக்கும் குத்தகைத் தொகையில் பங்கில்லை. கட்டுமானக் காலத்தில் வேலை கிடைக்கும். அது முடிந்த பின் காவலுக்கும் தகடுகளைத் துடைப்பதற்கும் சிலரே தேவைப்படுவர். ஏக்கர் கணக்கில் இழப்பீடு வழங்கும் முறை, ஏக்கர் இல்லாதவரைக் காண்பதில்லை. இக்குறையை நீக்காத எந்தத் திட்டமும் முழுமையானதாகாது.

'தரிசு' என்னும் சொல்

விளைநிலத்தைத் தொடாமல் தரிசு நிலத்தைப் பயன்படுத்தலாமே என்பது இயல்பாக எழும் கருத்து. 2019ஆம் ஆண்டில் வெளியான தரிசு நில வரைபடத் தொகுப்பின்படி 2015-16இல் நாட்டில் சுமார் 5.58 கோடி ஹெக்டேர் தரிசு இருந்தது. இது மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 17 சதவீதம். தேவையான நிலத்தைப் போல இது பன்மடங்கு என்பதில் ஐயமில்லை.

ராஜஸ்தானின் பட்லாவில் சுமார் 5,700 ஹெக்டேர் பாலைநிலத்தில் 2,245 மெகாவாட் பூங்கா எழுந்தது. குஜராத்தின் கச்சு மாவட்டத்தில் கவ்டாவை அடுத்த உவர்நிலத்தில் சூரிய சக்தியும் காற்றாற்றலும் இணைந்த 30,000 மெகாவாட் பூங்காவுக்கு 2020ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. உழவுக்கு ஏலாத இத்தகைய பரப்புகள் மின் உற்பத்திக்கு ஏற்றவை.

ஆயினும் வருவாய்த்துறை ஏட்டில் தரிசு என எழுதப்பட்ட நிலமெல்லாம் பயனற்றது அன்று. நிலவரி கிடைக்காத நிலத்தைத் தரிசு என்று குறிப்பது பிரிட்டிஷ் ஆட்சிக்கால வழக்கம். அதில் பொது மேய்ச்சல் தரையும், மழைநீர் வழிந்தோடும் பரப்பும், விறகும் தீவனமும் தரும் புதர்க்காடும் அடங்கும். மேற்கு ராஜஸ்தானில் ஊர்த்தெய்வத்தின் பெயரால் காக்கப்பட்டு வரும் 'ஓரண்' எனப்படும் தோப்புகளும் மேய்ச்சல் வெளிகளும் ஏடுகளில் பலவிடங்களில் தரிசாகவே உள்ளன. ஒட்டகமும் ஆடும் வளர்ப்போர்க்கு அவையே வாழ்வாதாரம். அருகிவரும் கானமயிலின் உறைவிடமும் இத்தகைய புல்வெளிகளே. மின்கம்பிகளில் மோதி அப்பறவை மடிவதைத் தடுக்க உச்சநீதிமன்றம் 2021ஆம் ஆண்டில் ஆணை பிறப்பித்ததும், 2024ஆம் ஆண்டில் அதனை மாற்றி வல்லுநர் குழுவை அமைத்ததும், எரிசக்தித் தேவையையும் இயற்கைப் பாதுகாப்பையும் இணைப்பது எத்துணைக் கடினம் என்பதைக் காட்டின. இடத்தை நேரில் ஆய்ந்து, அதனைப் பயன்படுத்துவோரைக் கலந்த பின்னரே ஒரு நிலம் தரிசா என்பதை முடிவு செய்தல் வேண்டும்.

சட்டம் தரும் காப்பு

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் நிலம் மாநிலப் பட்டியலில் உள்ளது. நிலம் கையகப்படுத்துதல் பொதுப் பட்டியலில் உள்ளது. 1894ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் இயற்றிய 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் 2014 ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 10ஆம் பிரிவு, பாசன வசதி பெற்ற பல்போக நிலத்தை வேறு வழியில்லாத விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே கையகப்படுத்தலாம் என்கிறது. அவ்வாறு எடுத்தால் அதற்கு ஈடான தரிசைச் சாகுபடிக்கு ஏற்றதாகப் பண்படுத்த வேண்டும். அல்லது அதற்குரிய தொகையை அரசிடம் செலுத்த வேண்டும். சாலை, இருப்புப்பாதை, மின்தொடர்ப்பாதை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு.

இப்பிரிவு கட்டுப்படுத்துவது அரசு கையகப்படுத்தும் நிலத்தை மட்டுமே. விளைநிலத்தில் பெரும்பகுதி கைமாறுவது தனியார் விற்பனையாலும் குத்தகையாலும் ஆகும். அங்குக் காப்பாக நிற்க வேண்டியது மாநிலங்களின் நிலப்பயன் மாற்ற விதிகளே. அவற்றின் கடுமை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. பல இடங்களில் கட்டணம் செலுத்துவதோடு அனுமதி முடிந்துவிடுகிறது.

இத்துறையில் கேரளத்தின் பட்டறிவு குறிப்பிடத்தக்கது. 1970களின் நடுவில் அம்மாநிலத்தில் சுமார் 8.8 இலட்சம் ஹெக்டேராக இருந்த நெல் சாகுபடிப் பரப்பு, 2007-08இல் 2.3 இலட்சம் ஹெக்டேருக்கும் கீழே சென்றது. இந்நிலையில் 2008ஆம் ஆண்டில் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வொரு ஊராட்சியிலும் நெல்வயல்களின் விவரத் தொகுப்பு உருவாக்கப்பட்டு, உள்ளூர்க் கண்காணிப்புக் குழுக்கள் அமைக்கப்பட்டன. வேறு நிலமில்லாத உரிமையாளர் தமக்கென வீடு கட்டுவதற்கு ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரை விலக்குக் கோரலாம். வீட்டுத் தேவைக்கும் மனை வணிகத்துக்கும் இடையே சட்டம் இங்குக் கோடு வகுத்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தம், விவரத் தொகுப்பில் இடம்பெறாத நிலங்களைக் கட்டணம் செலுத்தி மாற்ற வழி செய்தது. 2020ஆம் ஆண்டில் நெல்வயலைக் காத்து வரும் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகை வழங்கும் திட்டம் தொடங்கியது. தொகை சிறிது, எனினும் வயல் நீரைத் தேக்கி நிலத்தடிக்கு இறக்குவதும் ஒரு பொதுப்பணி என்பதை அது ஏற்றுக்கொண்டது.

நகர விரிவைச் சீர்செய்யும் முறையைக் குஜராத் காட்டியுள்ளது. 1976ஆம் ஆண்டின் சட்டப்படி, ஒரு பகுதியின் நிலங்கள் ஒன்றாகக் கொள்ளப்பட்டு, சாலைக்கும் பொதுத்தேவைக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டபின், சீரான மனைகளாக உரியவர்க்கே திருப்பித் தரப்படுகின்றன. இதனால் விரிவு ஒரு வரையறைக்குள் நிகழ்கிறது. ஆனால் எந்த நல்ல முறையும் இடத்தேர்வின் பிழையை ஈடு செய்யாது. ஆந்திரப் பிரதேசத்தின் புதிய தலைநகருக்கு விஜயவாடா-குண்டூர்ப் பகுதியின் வளமான வேளாண் நிலத்தைத் தவிர்க்குமாறு சிவராமகிருஷ்ணன் குழு 2014இல் எச்சரித்தது. ஆயினும் கிருஷ்ணை ஆற்றங்கரையில் 33,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் 2015இல் உழவர்களிடமிருந்து திரட்டப்பட்டது. ஆண்டுத்தொகையும் மனைகளும் உறுதியளிக்கப்பட்டன. 2019இல் பணி தடைப்பட்டு 2024இல் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் அந்நிலத்தின் பெரும்பகுதி பயிரும் இன்றி நகரமும் இன்றிக் கிடந்தது.

ஒரே இடம், இரு பயன்

சூரிய மின்சாரத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. அணைக்கும் அனல்மின் நிலையத்துக்கும் இடத்தைப் பகுத்துத் தர இயலாது; சூரிய மின்தகட்டை ஏற்கெனவே பயனிலுள்ள இடத்தின் மேலேயே பொருத்தலாம். முதலிடம் கூரைக்கு உரியது. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் கூரை போதும். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய இல்லத் திட்டம் ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் மின்தகடு அமைக்க முற்பட்டது. வீட்டுக்கு 3 கிலோவாட் எனக் கொண்டால் 30,000 மெகாவாட் கிட்டும். இதனைத் தரையில் அமைத்தால் 60,000 ஹெக்டேர் தேவைப்படும். வீட்டுவசதியும் எரிசக்தியும் ஒன்றுக்கொன்று துணையாகும் இடம் இதுவே.

கால்வாய்களின் மேற்பரப்பும் பயன்பட்டுள்ளது. குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் நர்மதைக் கிளைக் கால்வாயின் மேல் 2012இல் ஒரு மெகாவாட் நிலையமும், வதோதராவில் பின்னர் 10 மெகாவாட் நிலையமும் அமைக்கப்பட்டன. நிழலால் நீர் ஆவியாதல் குறைகிறது. தெலங்கானாவின் ராமகுண்டத்தில் நீர்த்தேக்கத்தின் மீது மிதக்கும் 100 மெகாவாட் நிலையம் 2022இல் முழுமை பெற்றது. இவற்றின் தாங்கு அமைப்புகளுக்குச் செலவு கூடுதல் என்பது உண்மை. ஆனால் தரைமேல் நிலையத்தின் செலவைக் கணக்கிடுவோர், அந்நிலம் இழந்த விளைச்சலையும் கூலியையும் சேர்த்துக்கொள்வதில்லை.

பயிருக்கு இடையே மின்தகடு என்பது மூன்றாவது வழி. ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்டநில ஆராய்ச்சி நிலையம் 105 கிலோவாட் அமைப்பின் வரிசைகளுக்கு இடையே பாசிப்பயறு, கொத்தவரை, சீரகம் போன்றவற்றைப் பயிரிட்டு ஆய்ந்தது. தகடுகளின் மேல் விழும் மழைநீரைச் சேமித்து அவற்றைக் கழுவவும் பயன்படுத்தியது. கொச்சி விமான நிலையத்தின் மின்தகடுகளுக்கு இடையே காய்கறி விளைவிக்கப்பட்டது. நிழல் தாங்கும் குட்டையான பயிர்களுக்கு இம்முறை பொருந்தும். நிறைந்த வெயிலை வேண்டும் பயிருக்கும் பெரிய இயந்திரங்கள் புகும் வயலுக்கும் உயர்ந்த தாங்கிகளும் அகன்ற இடைவெளியும் தேவை. 2019இல் தொடங்கிய 'குசும்' திட்டம் உழவரும் கூட்டுறவுச் சங்கமும் ஊராட்சியும் தரிசில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை நிலையம் அமைத்து மின்சாரம் விற்க வழி செய்தது. சாகுபடி நிலமாயின் தகடுகளை உயரத்தில் நிறுத்திக் கீழே பயிர் தொடர வேண்டும் என்றது. சிறு நிலையங்கள் துணைமின் நிலையத்தின் அருகிலேயே அமைவதால் ஓர் ஊரின் நிலம் முழுவதும் ஒரே திட்டத்துக்குப் போய்விடுவதில்லை.

செய்ய வேண்டுவன

நிலத்தின் தகுதியறிந்து பயனை ஒதுக்குவது முதற்பணி. மண்ணியல் வல்லுநர்கள் நிலத்தை எட்டு வகுப்புகளாகப் பிரிக்கின்றனர். முதல் நான்கும் உழவுக்கு உகந்தவை. முதல் இரு வகுப்புகளையும் பாசன ஆயக்கட்டையும் சர்வே எண்வாரியாக அறிவித்து, அவற்றில் நிலப்பயன் மாற்றத்தை மிக அரிதாக்கலாம். தேசிய நிலப்பயன்பாட்டுக் கொள்கைக்கு 2013ஆம் ஆண்டில் ஒரு வரைவு தயாரிக்கப்பட்டது. அது வரைவாகவே நின்றுவிட்டது.

இரண்டாவது, முடிவெடுக்கும் அமைப்பு. வீட்டுமனைக்கு ஓர் அலுவலகமும், சூரியப் பூங்காவுக்கு மற்றோர் அலுவலகமும், பாசனத்துக்கு வேறோர் அலுவலகமும் தனித்தனியே அனுமதி வழங்கும்வரை மூன்று தேவைகளையும் ஒருங்கே எடை போட ஒருவரும் இல்லை. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் இதற்கென்றே மாவட்டத் திட்டக் குழுவை வகுத்துள்ளது. ஊராட்சிகளின் திட்டங்களையும் நகராட்சிகளின் திட்டங்களையும் இணைத்து, நிலம், நீர் ஆகியவற்றின் பங்கீட்டைக் கருதி மாவட்ட வரைவுத் திட்டம் உருவாக்குவது அதன் கடமை. பல மாவட்டங்களில் பெயரளவில் உள்ள இக்குழுக்களுக்கு உயிரூட்டினால் புதிய அமைப்பு எதுவும் தேவைப்படாது.

மூன்றாவது, வரிசைமுறை. வீட்டுக்கு முதலில் நகரின் உள்ளேயுள்ள வெற்றிடங்களும் பூட்டிய வீடுகளும். பின்னர் முன்பே பிரிக்கப்பட்ட மனைகள். அதன் பின்னரே புதிய நிலம். மின்சாரத்துக்கு முதலில் கூரையும் கால்வாயும் நீர்ப்பரப்பும்; அடுத்து ஆய்ந்து உறுதிசெய்த தரிசு; அதற்கடுத்து மழையை நம்பிய மேட்டு நிலத்தில் உரிமை மாறாத குத்தகை, நிலமற்றோருக்கும் பங்குடன். பாசன வயல் இவ்வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

மின்தகட்டின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். காலம் முடிந்தபின் அதனைக் கழற்றி, நிலத்தை மீண்டும் உழ முடியும். குத்தகை ஒப்பந்தத்திலேயே இதற்கான பொறுப்பையும் தொகையையும் எழுதிவைக்கலாம். கற்காரைக்கு அடியில் புதைந்த வயலுக்கு அத்தகைய திரும்புவழி இல்லை. ஒரு விரற்கடை மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகின்றன. நிலப்பயன் மாற்றக் கோப்பில் கையொப்பமிடும் அலுவலர் தீர்மானிப்பது, தம் பணிக்காலத்துக்குப் பின்னும் பல தலைமுறைகளைத் தொடரும் ஒன்றாகும்.